கறுப்பு மூடி

வியாழக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து போஸ்டம்மா போன் பண்ணினாள். வழக்கமாக அவள் போன் பண்ணினால் முதல் ஐந்து நிமிஷம் வெயிலைத் திட்டுவாள். அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"பைப் அண்ணா, சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டேன். சொல்லிடறேன். நம்ம ஏலக்காரருக்குத் தொண்டையில கட்டி. திங்கக்கிழமை காலையில ஆபரேஷன். குரல்வளையை மொத்தமா எடுத்துடறாங்களாம்."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா அப்புறம் பேச்சு இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமைதான் அவர் நம்மகூடப் பேசற கடைசி சபை. நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

பைப் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். எதிரே ஒரு பிளம்பர் வந்து நின்று, குழாய் வளைவுக்கு ஒரு அங்குலத்தில் எல்போ கேட்டார். இவர் மூன்று வாய் வைத்த டீயை எடுத்துக் கொடுத்தார். அது டீ, எனக்கு எல்போ வேண்டும் என்றார் பிளம்பர். இவர் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு இன்னொரு டீ எடுத்து வந்தார். பிளம்பர் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

பைப் என்பது அவருடைய பெயர் இல்லை. இருபத்தேழு வருஷமாகக் குழாய்க்கடை வைத்திருக்கிறவரை ரேடியோக்காரர்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அமெச்சூர் ரேடியோ என்று ஒரு பைத்தியம் இருக்கிறது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ஒரு செட்டும் ஒரு ஆன்டெனாவும் வைத்துக்கொண்டு, நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லாமல் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனிடம் பேசுவது. என்ன பேசுவார்கள் என்றால், பெரும்பாலும் செட்டையும் ஆன்டெனாவையும் பற்றித்தான். இவர்கள் பதினொரு பேர். ஞாயிறு தவறாமல் மாலை நாலு மணிக்கு ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதற்குச் சபை என்று பெயர். தபால் ஆபீசில் வேலை பார்க்கிற போஸ்டம்மாதான் பேர் கூப்பிட்டு ஒவ்வொருவருக்கும் முறை கொடுப்பாள்.

அந்தச் சபைக்கு உயிர் ஏலக்காரர். முப்பது வருஷம் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். மைக் இல்லாமல் சந்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற தொண்டை. நல்ல விலை கேட்கக்கூடிய ஆள் வந்து சேரவில்லை என்றால் "ஒரு தரம்", "ரெண்டு தரம்" என்று இழுத்து, ரெண்டாம் தரத்தில் நின்றுகொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிப்பாராம். மூணாம் தரம் சொல்லி உள்ளங்கையால் மேஜையைத் தட்டிவிட்டால் முடிந்தது, கடவுளே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டாராம். "ஏலம் விடறவன் தனக்குன்னு எடுக்கக் கூடாது. முப்பது வருஷத்துல ஒரு எலுமிச்சம்பழம்கூட நான் எடுத்ததில்லை" என்று மாதத்துக்கு ஒரு தரமாவது சபையில் சொல்லிவிடுவார். எல்லாரும் மனப்பாடமாகக் கேட்பார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் பைப் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வாயைக் கொடுத்தார்.

சபைக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி ஒரு சந்தேகம் கேட்டாள். இவர்கள் பேசுகிற அலைக்கு ஆன்டெனா பத்து மீட்டர் உயரமாவது நிற்க வேண்டும். அவளுக்கு இருந்தது கட்டில் போடுகிற அளவு மொட்டைமாடி. இடம் இல்லாதவர்கள் குறைகிற நீளத்துக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் குழாயில் கம்பியைச் சுற்றி ஆன்டெனாவின் நடுவில் சேர்த்துக்கொள்வார்கள். அந்தச் சுற்றுக்குக் காயில் என்று பெயர். "காயில் சுத்த எந்த பிளாஸ்டிக் நல்லதுங்க?" என்று கேட்டாள் அவள். பிளாஸ்டிக் குழாய் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே பைப் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கறுப்பு பைப்பை எடும்மா. வெயில்ல அம்பது வருஷம் கல்லு மாதிரி நிக்கும். கரிப்பொடி கலந்து பண்றது. வெயில் அதை ஒண்ணும் பண்ணாது."

"தம்பி, அந்தக் கரிதான் வினை" என்றார் ஏலக்காரர். "கரியில கரண்ட் ஓடும். காயில் சூடாகும். அனுப்பற பவர்ல பாதி பைப்பை வேக வைக்கத்தான் போகும். ஒரு துண்டு வெட்டி மைக்ரோவேவ் அடுப்புல வை, பக்கத்துல ஒரு கப் தண்ணி வச்சுக்கோ, ஒரே நிமிஷம். சுட்டா அது ஆகாது. சுடலைன்னா தைரியமா சுத்து."

நல்லபடியாகச் சொன்ன நல்ல யோசனைதான். பைப்புக்கு அது அப்படிக் கேட்கவில்லை. பைப் விற்கிறவனுக்கே பைப் சொல்லித் தருகிறார், அதுவும் பத்துப் பேர் கேட்க. அடுப்பு அலை வேறு, நம்ம அலை வேறு என்றார். ஏலக்காரர் சிரித்துக்கொண்டே, வேறுதான், ஆனால் கறுப்பு கறுப்புதான் என்றார். சபையில் யாரோ கூடவே சிரித்தார்கள். அவ்வளவுதான்.

"உங்களுக்குக் காயிலும் தெரியாது, பைப்பும் தெரியாது. வாய் ஒண்ணுதான் தெரியும். அந்த வாய் ஒருநாள் அடைச்சாத்தான் எங்க காதுக்கெல்லாம் நிம்மதி."

சொன்னதும் அலைவரிசையில் வெறும் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "சரி தம்பி" என்றார் ஏலக்காரர். அடுத்த ஞாயிறு பைப் சபைக்குப் போகவில்லை. அதற்கடுத்த மாதம் வீடு மாறினார்கள், மூன்றாவது மாடி, சின்ன பால்கனி. ஆன்டெனா வைக்க இடம் இல்லை என்று நல்ல சாக்கும் கிடைத்தது. நர்ஸ் வெள்ளைக் குழாயில் சுற்றி, சபையிலேயே பலமான சிக்னல் அவளுடையது என்று பேர் வாங்கினாள். அதுவும் இவர் காதுக்கு வந்தது.

வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஏலக்காரர் வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது அவர் மனைவி.

"அவர் யார்கூடவும் பேசறதில்லைங்க. டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டார். இருக்கிற குரலை ஞாயித்துக்கிழமைக்குன்னு எடுத்து வச்சிருக்கார். எனக்கே சிலேட்டுல எழுதித்தான் காட்டறார். நீங்க யாருன்னு சொல்லட்டும்?"

பைப் தன் பேரைச் சொல்லவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

பைப்பின் மனைவி துணிகளைப் பிரித்துத் தைத்து அளவு மாற்றிக் கொடுக்கிறவள். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். "வந்ததுலேருந்து கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி சுத்தறீங்களே, என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ரெண்டு வருஷமாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தையையும் சொன்னார். மெஷின் நின்றது.

"இப்படியா பேசுவாங்க ஒரு மனுஷன்கிட்ட?"

"பேசிட்டேன்."

"ஒரு கடுதாசி எழுதுங்க. இல்லைன்னா அந்தப் போஸ்டம்மாகிட்ட சொல்லி விடுங்க."

"பத்துப் பேர் கேட்கச் சொன்னேன். பத்துப் பேர் கேட்கத்தான் திருப்பி எடுக்கணும். அடுத்தவங்க வாய் வழியா மன்னிப்புக் கேட்டா அதுக்குப் பேர் மன்னிப்பா? அவர் பதில் சொல்றதை என் காதால கேட்கணும். திங்கக்கிழமைக்கு அப்புறம் கேட்க முடியாது."

"அப்போ இங்க என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க? போய் அந்தக் கம்பியைக் கட்டுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனவர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வாழ்நாளெல்லாம் அந்த அடுக்குகளுக்கு நடுவில்தான் இருந்தார். எந்தக் குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும், எது வெந்நீருக்கு ஆகும், எது பத்து வருஷத்தில் வெடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அன்று ஒவ்வொன்றும் புதிதாக அவரைப் பார்த்து முறைத்தது. வெள்ளையில் ஒரு சாண், சாம்பல் நிறத்தில் ஒரு சாண், கறுப்பில் ஒரு சாண் அறுத்தார். தண்ணீர் டிரம்மிலிருந்து ஒரு நீலத் துண்டு. பக்கத்து விளம்பரப் பலகைக் கடையில் கண்ணாடி மாதிரி ஒரு அக்ரிலிக் குழாயும் வாங்கிக்கொண்டார். பையில் போட்டு நாலரைக்கே ஷட்டரை இழுத்தார்.

சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பைத் திறந்து, ஒரு கப் தண்ணீரையும் வெள்ளைத் துண்டையும் வைத்து மூடினார்.

"இது அடுப்பா, உங்க கடையா?" என்று வாசலில் நின்று கேட்டாள் மனைவி. "வெந்ததும் சொல்லுங்க, தட்டு எடுத்து வைக்கிறேன்."

வெள்ளை, வைத்த மாதிரியே வந்தது. பக்கத்தில் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, குழாய் சில்லென்று இருந்தது. தண்ணீரை மாற்றிவிட்டு சாம்பல் துண்டை வைத்தார், கைக்கு வெதுவெதுப்பாக வந்தது. நீலம் சில்லென்றுதான் இருந்தது, ஆனால் அந்த வளைவில் கம்பி சுற்ற முடியாது. அக்ரிலிக்கும் பாஸ். ஆனால் ஓட்டை போட டிரில்லை வைத்ததுமே இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கீறல் ஓடியது. கடைசியில் கறுப்பு. அந்த ஒரு நிமிஷத்தில் அவர் அடுப்புக் கதவுக்கு முன்னால் நாலு தடவை உட்கார்ந்து எழுந்தார். சுடக் கூடாது என்று அவர் மனசில் ஒரு மூலை அப்போதும் வேண்டிக்கொண்டிருந்தது. மனுஷன் என்ன ஜென்மமோ!

மணி அடித்ததும் வெறுங்கையால் எடுத்தார். எடுத்த வேகத்தில் கீழே போட்டார்.

"என்ன, சுட்டுடுச்சா?"

"இல்லையே" என்றார் அவர், ரெண்டு விரலையும் வாயில் வைத்துக்கொண்டு.

அவள் குழாயைத் துணியால் எடுத்துத் தொட்டிக்குள் போட்டாள். சுர்ரென்றது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கப் தண்ணீர், ஒரு நிமிஷம். அவ்வளவுதான் அந்த மனிதர் கேட்டது. ரெண்டு வருஷத்தில் அந்த ஒரு நிமிஷத்தை எடுக்க இவருக்கு மனசு வரவில்லை. கொப்பளத்தைவிட அதுதான் எரிந்தது.

சனிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. வெள்ளைக் குழாயைப் பிடித்துக்கொண்டு கம்பி சுற்றினார், ஒரு சுற்று ஏறியது, அடுத்தது சறுக்கியது, மூன்றாவது மேலே ஏறி உட்கார்ந்தது. கொப்பளம் விட்ட விரலால் சுற்றினால் அப்படித்தான் வரும். மனைவி பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் பிடுங்கிக்கொண்டாள். பாபினில் நூல் சுற்றுகிற கை. குழாயை மடியில் உருட்டி உருட்டி, கம்பி கம்பியை ஒட்டினாற்போல அறுபத்தெட்டுச் சுற்று, ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் எண்ணிக்கொண்டே வந்தார். நடுவில் ரெண்டு தடவை எண்ணிக்கை விட்டுப்போய், அவளே சொன்னாள்.

பால்கனிக் கம்பியோடு ஒரு அலுமினியக் குழலைக் கட்டி, அதன் தலையில் காயிலை ஏற்றினார். காயிலுக்கு மேலே இன்னொரு மெல்லிய அலுமினியக் கம்பி நிற்க வேண்டும். அங்கேதான் கை பழக்கம் வேலை செய்தது. மூடி போடாமல் ஒரு குழாயை நிறுத்திவிட்டு வர அவர் கைக்குத் தெரியாது. மழை இறங்கும், பூச்சி கூடு கட்டும் என்று இருபத்தேழு வருஷமாக வாடிக்கையாளர்களைத் திட்டித் திட்டி மூடி விற்றவர். பையில் கைவிட்டார், அந்த அளவுக்கு ஒரு மூடி இருந்தது. நடுவில் ஓட்டை போட்டு, மேல்கம்பியை அதில் இறுக்கமாகச் செருகி, காயிலின் கம்பி முனையை மூடியை ஒட்டி மேல்கம்பியோடு முறுக்கி, தட்டி இறக்கினார். பார்க்கவே லட்சணமாக இருந்தது. மூடி என்ன நிறம் என்று அவர் பார்க்கவில்லை. மூடியைப் போய் யாராவது நிறம் பார்ப்பார்களா?

சாயங்காலம் செட்டைத் தட்டி எழுப்பி, குறைந்த பவரில் ரெண்டு வினாடி விசில் விட்டுப் பார்த்தார். மீட்டர் முள் அடியோடு படுத்திருந்தது. முள் படுத்திருந்தால் ஆன்டெனா எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

ஞாயிறு காலையிலிருந்து பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தார். குளிக்கும்போது ஒரு மாதிரி வந்தது, முகம் துடைக்கும்போது வேறு மாதிரி வந்தது. காகிதத்தில் எழுதினார், கிழித்தார். மூன்று மணிக்கே செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார், மூன்றேகாலுக்கு எழுந்தார், மூன்று இருபதுக்கு மறுபடி உட்கார்ந்தார். "நாற்காலி பாவம்" என்றாள் மனைவி.

நாலு மணி. போஸ்டம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லாரும் ஒரு வரி ரெண்டு வரி பேசினார்கள். பிறகு ஏலக்காரர்.

பைப்புக்கு முதலில் அது யார் என்றே தெரியவில்லை. உப்புத்தாளைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். சந்தையையே நிறுத்திவைத்த தொண்டையா இது! ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரி வைத்திருந்தார் மனிதர். நர்ஸிடம், உன் சிக்னல்தான்மா எனக்கு மருந்து என்றார். போஸ்டம்மாவிடம், என் பேரை நீ கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும், பதில் வராட்டியும் கூப்பிடு என்றார். அவள், "வேற யாராவது இருக்கீங்களா?" என்றாள்.

பைப் மைக்கின் பட்டனை அழுத்தினார். "பைப்."

இரைச்சல். பிறகு போஸ்டம்மாவின் குரல் ஒரு படி ஏறி வந்தது. "பைப் அண்ணா! அருமையா கேக்குது! சொல்லுங்க!"

இனி சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் நேராகச் சொல்லிவிட்டால் அவர் பைப் இல்லையே. முழு பவரைத் திறந்து வைத்துக்கொண்டு, வீடு மாறியதைச் சொன்னார். மூன்றாவது மாடி என்றார். பால்கனியின் அகலத்தைச் சொன்னார். வெள்ளைக் குழாயில் சுற்றியிருக்கிறேன் என்று சொன்னார், அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. பேசிக்கொண்டே போனார், மூச்சு விடாமல். ஒருவழியாக இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, அன்னைக்கு உங்க வாயைப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன் இல்லையா, அது…"

மீட்டர் முள் மெல்ல எழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதிக்கு வந்தது, கோடிக்குப் போயிற்று. செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பவரை அறுத்துவிட்டது. பால்கனிப் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. அவர் அது தெரியாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தப்பு, தப்பு, நான் சொன்னது தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை.

பட்டனை விட்டதும் அவருக்கு அவர்கள் கேட்டார்கள். அதுதான் கொடுமை. கேட்க முடிந்தது, பேச முடியவில்லை.

"சிக்னல் விழுந்துடுச்சு" என்றாள் போஸ்டம்மா.

"'உங்க வாயைப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன் இல்லையா'ன்னது வரைக்கும் வந்துச்சுங்க" என்றாள் நர்ஸ்.

வேறொருவர் குறுக்கே வந்தார், கோபமாக. "இன்னைக்குமா அந்தப் பேச்சு? சாகப்போற மாதிரி கிடக்கிறவர்கிட்ட வந்து…"

இந்தப் பாதி வார்த்தையோடுதானா அந்த மனிதர் நாளைக்கு ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுக்கப்போகிறார்? அன்றைக்குச் சொன்னது போதாதென்று இன்றைக்கும் ஒன்று. இதற்கு வராமலே இருந்திருக்கலாம். பைப் செட்டை உலுக்கினார். பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். முள் கோடியிலேயே நின்றது.

அப்போது அந்த உப்புத்தாள் குரல் வந்தது.

"எல்லாரும் சும்மா இருங்க." ஒரு இருமல். "தம்பி, நான் பேசறது உனக்குக் கேக்கும். கம்பி அறுந்தா பட்டுன்னு போயிருக்கும். உன் சிக்னல் மெதுவா நழுவிச்சு. அது சூடு. வெள்ளைக் குழாய்ன்னு சொன்னே. அப்போ வேற எங்கேயோ கறுப்பு இருக்கு." இன்னொரு இருமல், நீளமாக. "நீ கடைக்காரன். மூடி போட்டிருப்பே. மூடியைப் பாரு."

"அண்ணே, பேசாதீங்க, போதும்" என்றாள் போஸ்டம்மா.

"இரும்மா. ஒரு பாதி வார்த்தை ஏலத்துக்கு வந்திருக்கு. மீதிப் பாதி வர்ற வரைக்கும் ஒருத்தரும் கலையக் கூடாது." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "ஒரு தரம்."

பைப் பால்கனிக்கு ஓடினார். மூடி கருகருவென்று, ஒரு பக்கம் உருகி, மெல்லிசாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. மேல்கம்பி குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது. வெறுங்கையை நீட்டியவரை மனைவி தள்ளிவிட்டு, கத்தரிக்கோலின் முனையால் நெம்பினாள். மூடி கழன்று கீழே விழுந்து தரையில் ஒட்டிக்கொண்டது. கடைசி ரெண்டு சுற்றுக் கம்பி தளர்ந்திருந்ததே தவிர அறுந்திருக்கவில்லை.

"ஒரு தரம்" என்றது உள்ளேயிருந்து குரல்.

"மேல்கம்பியை எதுல நிறுத்தறது?" என்று கத்தினார் பைப். "மூடி இல்லாம நிக்காது. வெள்ளை மூடி கடையில இருக்கு. கடைக்குப் போய் வர அரைமணி ஆகும்."

மனைவி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் தையல் மெஷினின் பெரிய நூல்கண்டு, நூலெல்லாம் தீர்ந்த வெறும் வெள்ளைக் கூம்பு. நடுவில் ஓட்டை. கூம்பு எந்த வாயிலும் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். குழாயின் வாயில் தலைகீழாக வைத்துச் செருப்பால் ரெண்டு அடி அடித்தாள், இறுகிவிட்டது. மேல்கம்பியை ஓட்டையில் இறக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் கொப்பளம் விட்ட விரல்களாலேயே கம்பியை முறுக்கினார்.

"ரெண்டு தரம்" என்றது குரல். அது கிட்டத்தட்ட காற்றாகிவிட்டிருந்தது. பிறகு, யாரும் கேட்காமலே, மழை நாளில் லாரி வர நேரமாகி, முட்டைக்கோசை வைத்துக்கொண்டு ரெண்டாம் தரத்தில் ஒரு மணி நேரம் நின்ற கதையை ஆரம்பித்தார். சபையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பாதி வார்த்தைகள் வரவே இல்லை. எடுத்து வைத்திருந்த குரலில் இருந்த மிச்சத்தையெல்லாம் மனிதர் இந்தப் பாவிக்காகச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

"போங்க, நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள் மனைவி.

"கம்பியைத் தொட்டுக்கிட்டு நிக்காதே, நான் பேசும்போது அதுல பவர் ஓடும். சுடும். விட்டுடு, நிக்கும்."

அவள் விட்டாள். நின்றது.

அவர் ஓடி வந்து பட்டனை அழுத்தினார். முள் அரை இன்ச் ஆடி, படுத்தது. வீடு மாறியதைச் சொல்லவில்லை. பால்கனியின் அகலத்தைச் சொல்லவில்லை. நாள் முழுவதும் பார்த்த ஒத்திகையில் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை.

"அண்ணே, பைப். அன்னைக்கு உங்க வாயைப் பத்தி நான் சொன்னது அக்கிரமம். எல்லாரும் கேட்கச் சொன்னேன், எல்லாரும் கேட்கத் திருப்பி எடுத்துக்கிறேன். நீங்க சொன்னதுதான் சரி. அடுப்புல வச்சேன். கறுப்பு சுட்டுது, கையெல்லாம் கொப்பளம். திருந்தாம மறுபடி கறுப்பு மூடியையே போட்டேன். என்னை மன்னிச்சுடுங்கண்ணே."

பட்டனை விட்டார். இரைச்சல் ஓடியது. மனைவி பால்கனி வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. குரல் தீர்ந்துபோய்விட்டது, நான்தான் தீர்த்துவிட்டேன் என்று நினைத்தார் பைப். காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்தார்.

"மூணு தரம்" என்று வந்தது. குரலென்று சொல்ல முடியாது, உதடும் மூச்சும்தான். "நானே எடுத்துக்கிட்டேன், தம்பி."

பிறகு மேஜையில் உள்ளங்கை விழுகிற சத்தம். பதினொரு பேரும் அதைக் கேட்டார்கள்.